கேமராவுக்கு வைத்த சந்தனப் பொட்டு

பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மனிதரை, ஊர் கூடியிருக்கும் மண்டபத்தில், ஒலிபெருக்கியில், "இது மரநாய்" என்று அறிவித்த மாப்பிள்ளைகள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து ஒருவன் இருக்கிறான். தினமும் காலையில் ஷேவிங் செய்யும்போது அவனைக் கண்ணாடியில் பார்க்கிறேன். பார்த்தால் அப்படியொன்றும் துணிச்சல்காரனாகத் தெரியவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் எனக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை. அப்போது எனக்குக் கல்யாண வயது (அதாவது, கடைக்கு வரும் சொந்தக்காரர்கள் போனைக் கொடுத்துவிட்டு என்னைப் பற்றி விசாரிக்கும் வயது). கன்னிவாடிப் பக்கம் ஒரு வரன் அமைந்தது. பெண் பெயர் கவிதா. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. போய்ப் பார்த்தோம், கேசரி சாப்பிட்டோம். கவிதாவுக்கு என்னைப் பிடித்திருப்பதாக அவளுடைய அத்தை மூலம் தகவல் வந்தது. எனக்கு அவளைப் பிடித்திருந்ததை யாரும் தகவல் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது என்று என் தங்கை இன்றைக்கும் சொல்கிறாள்.

பிடிகொடுக்காதவர் பெண்ணின் அப்பா கருப்பணன் மட்டும்தான். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பும், நடுநடுவே சப்போட்டா மரங்களும் வைத்திருப்பவர். "பய நல்ல பயலாத்தான் தெரியிறான். ஆனா செல்போன் ரிப்பேரெல்லாம் ஒரு தொழிலா? நாளைக்கே ஊர்ல எவனும் போனை ஒடைக்காம பத்திரமா வச்சுக்கிட்டா இவன் என்ன செய்வான்?" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

என் அம்மாவிடம் இருந்தது. "எம்மகன் கடை மட்டுமா வச்சிருக்கான்? காட்டு மிருகத்தப் பத்தி ஆராய்ச்சில்ல பண்றான்!" என்று தரகரிடம் அடித்துவிட்டார்.

இதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆரோக்கியசெல்வி என்ற ஆராய்ச்சியாளர் ஒருமுறை லேப்டாப்பைச் சரி செய்ய என் கடைக்கு வந்தார். ஊர்க்காரர்தான், நாகல்நகர்ப் பக்கம் வீடு. அடிவாரத் தோப்புகளில் இரவு நேரத்தில் என்னென்ன பிராணிகள் நடமாடுகின்றன என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். காட்டைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், தோப்புகளை நம்பிப் பிழைக்கும் மரநாய், கீரி, முள்ளெலியைப் பற்றி யாரும் கணக்கெடுப்பதில்லை, தோப்புகள் பிளாட்டாக மாறினால் அவை எங்கே போகும் என்று சொன்னார். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டேன். லேப்டாப்பை மூடும்போது நான் தன்னார்வலர் ஆகியிருந்தேன்.

வேலை இதுதான். மரத்தில் கட்டும் கேமரா ஒன்று உண்டு. பச்சை நிறத்தில் சின்ன டப்பா. முன்னால் ஏதாவது நகர்ந்தால் தானே படம் எடுத்துக்கொள்ளும். இரவில் எடுப்பதால் எல்லாம் கருப்பு வெள்ளைப் படம். அப்படி மலைபோல் குவியும் படங்களை எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் பார்த்து, இது முயல், இது கீரி, இது காற்றில் ஆடும் தென்னை ஓலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர்களையும் படங்களையும் கம்ப்யூட்டருக்குக் காட்டினால் அது பார்த்துப் பார்த்துப் பழகி, பிறகு வரும் படங்களுக்குத் தானே பெயர் சொல்லிவிடும். எல்.கே.ஜி. பிள்ளைக்கு அட்டையைக் காட்டி அணில், ஆடு என்று சொல்லிக் கொடுப்பதைப் போலத்தான். வாத்தியார் யார் என்பதில்தான் இந்த முறையின் வெற்றி இருக்கிறது. இங்கே வாத்தியார் நான்.

கருப்பணனின் தோப்பில் ஒரு கேமரா வைக்கலாம் என்று செல்விக்கு யோசனை சொன்னதும் நானே. அறிவியல் காரணம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் அடிக்கடி போய்வர எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கருப்பணன் தோப்பில் கேமரா வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தாரே தவிர, வீட்டுக்குள் வந்து காபி சாப்பிடச் சொல்லவில்லை.

ஒரு நாள் அந்தக் கேமராவுக்குள் எறும்பு புகுந்துவிட்டது. கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்து வைத்தேன். மறுநாள் ஆயுத பூஜை.

இனி நடந்ததை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஆயுத பூஜையன்று ஒரு கடையில் உள்ள எந்தப் பொருளும் பொட்டில்லாமல் தப்ப முடியாது. ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், டேபிள் ஃபேன், கல்லாப்பெட்டி, ஸ்கூட்டர், பக்கத்துக் கடைக்காரர் தெரியாமல் வைத்துவிட்டுப் போன அவருடைய சாப்பாட்டு கேரியர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். ஆராய்ச்சிக் கேமரா மட்டும் என்ன பாவம் செய்தது? நெற்றி என்று எனக்குத் தோன்றிய இடத்தில், வழவழப்பாக, இடமும் தோதாக இருக்கிறதே என்று, வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். அது லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியின் மேல் ஓரம். பூஜை முடிந்து பொட்டைத் துடைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வைத்த பொட்டை நாமே அழிப்பதா என்று மனம் வரவில்லை. அப்படியே கொண்டுபோய், பழம் தின்ன ஏதாவது வரும் என்று, தோப்பின் பெரிய சப்போட்டா மரத்துக்கு எதிரே கட்டிவிட்டு வந்தேன்.

வந்தது மரநாய் (பெயரில்தான் நாய், பார்த்தால் பூனை மாதிரி இருக்கும்). ஒன்றல்ல, குடும்பத்தோடு வந்தது. விழுந்த சப்போட்டாவை ஆற அமர உட்கார்ந்து தின்றது. மற்ற கேமராக்களில் எப்போதாவது ஒரு முயல் காதைக் காட்டும்போது, என் கேமராவில் மட்டும் மரநாய்க்குப் பஞ்சமே இல்லை. பெருமை தாங்கவில்லை.

அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் மேல்பக்கம் ஒரு மங்கலான வெள்ளை வட்டம், அதன் நடுவே ஒரு கரும்புள்ளி. ஒரு படத்தை மூன்று தன்னார்வலர்கள் தனித்தனியாகப் பார்த்துப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் தவறினாலும் மற்ற இருவர் பிடித்துவிடுவார்கள் என்பதற்காக. நான், என் அம்மா, என் தங்கை மூவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து தனித்தனியாகப் பார்த்தோம்.

"இது என்னண்ணே, மேல வெள்ளையா?" என்றாள் தங்கை.

"நிலா" என்றேன்.

"தெனமுமா முழு நிலா வரும்?"

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, "மலையடிவாரம்ல, அங்க நல்லாத் தெரியும்" என்று முடித்துவைத்தார். மூன்றுக்கு இரண்டு வாக்கில் நிலா ஜெயித்தது. அமாவாசையைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. படிவத்தில் பிராணியின் பெயரைத்தான் கேட்டிருந்தார்கள் என்பதால், 'மரநாய்' என்று மட்டும் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தோம்.

செல்வி கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்தி முடித்ததும், தோப்புக்காரர்களை எல்லாம் அழைத்து அதை நேரில் காட்டலாம் என்று ஏற்பாடு செய்தார். கன்னிவாடியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். அதிக மரநாய் கிடைத்த தோப்பின் சொந்தக்காரர் என்ற முறையில் கருப்பணன்தான் சிறப்பு விருந்தினர். தரகர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, அன்னைக்கு ஒன் வேலையப் பாத்துட்டுத்தான் சரியா இல்லையான்னு சொல்லுவாராம். முடிவு அங்கனதான். பாத்து நடந்துக்க."

பார்த்து நடந்துகொள்வது என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான்: இருக்கிற வேலையோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துச் செய்வது. திரையில் பிராணியின் பெயர் எழுத்தில் மட்டும் வந்தால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, கம்ப்யூட்டரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று செல்வியிடம் சொன்னேன். குரலும் நானே கொடுத்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, செய்தி வாசிப்பவரைப் போலத் தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு, "இது முயல்", "இது கீரி", "இது மனிதர்", "இது மரநாய்" என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்தேன். மரநாய் சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்பப் பேசி, கடைசியில் மிகவும் கம்பீரமாக ஒன்று அமைந்தது.

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் கவிதாவும் அவளுடைய அம்மாவும். முன்வரிசையில் என் அம்மா, பட்டுப்புடவையில். (ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று கேட்டதற்கு, "நல்ல காரியம்டா" என்று சொல்லி என் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துத்தான் அழைத்து வந்திருந்தார்.) கருப்பணன் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நெற்றியில் பெரிய வட்டமாகச் சந்தனம், நடுவே குங்குமம்.

மேடையில் ஒரு கேமரா, அதற்கு எதிரே நிற்க இடம், பின்னால் பெரிய திரை. முதலில் செல்வி போய் நின்றார். திரையில் அவரைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது. மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் என் குரல் கேட்டது: "இது மனிதர்."

கைதட்டல். அம்மா திரும்பிப் பெண் வீட்டாரைப் பார்த்தார்.

"இப்ப ஐயா வாங்க" என்று செல்வி கருப்பணனை அழைத்தார். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு போய், கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதைப் போல விறைப்பாக நின்றார். கட்டம் விழுந்தது.

"இது மரநாய்" என்றது என் குரல், மிகவும் கம்பீரமாக.

கருப்பணன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். அவர் அசைந்ததும் இயந்திரம் புதிதாக ஒருவரைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு மறுபடி பார்த்தது.

"இது மரநாய்."

"யார்ரா அவன் பேசுறது?" என்றார். பிறகு குரலை அடையாளம் கண்டுகொண்டார். "ஏய்யா, நம்ம தம்பி கொரலு மாதிரில்ல இருக்கு?"

"ஐயா, அது நான் இல்லைங்கய்யா, மெஷினு..." என்று ஆரம்பித்தேன்.

"இது மரநாய்" என்று நானே என்னை மறித்தேன்.

அவருடைய தம்பி ஆவேசமாக மேடையேறினார். "எங்க அண்ணனப் பாத்து என்ன வார்த்த சொல்றீக? சபையில கூப்ட்டு வச்சு அசிங்கப்படுத்துறீகளா?" என்று கேமராவுக்கு முன்னால் வந்து கையை ஓங்கினார். அவரும் அதே கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர். அதே சந்தனம், அதே குங்குமம்.

"இது மரநாய்."

"அண்ணந்தம்பி ரெண்டு பேரையுமா?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

இனி எப்படியாவது ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நான் மேடைக்கு ஓடினேன். ஒயர் கேமராவுக்குப் பின்னால் இருந்தது. நான் முன்பக்கமாக ஓடினேன். (பதற்றத்தில் எனக்கு எப்போதும் முன்பக்கம்தான் தெரியும்.) திரை நிறைய என் முகம், அம்மா வைத்த பொட்டோடு. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, என் குரல் என்னையும் விடவில்லை. "இது மரநாய்."

அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. கவிதா. வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. எனக்கு வந்தது வெட்கம் இல்லை, பயம். இவளை இனிப் பார்க்கவே முடியாது, இந்தச் சிரிப்புதான் கடைசி என்ற பயம். வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கருப்பணனுக்குக் கோபத்தில் முகமெல்லாம் வியர்த்திருந்தது. துண்டை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தார். சந்தனம் துண்டோடு போனது.

"இது மனிதர்" என்றது இயந்திரம்.

செல்வி சட்டென்று நிமிர்ந்தார். அவருடைய அறையில் இயந்திரத்துக்கு முன்னால் நின்று பரிசோதித்தது எல்லாம் அவர் ஒருவர்தான். அவர் பொட்டு வைப்பதில்லை. லேப்டாப்பில் பழைய படங்களைத் திறந்து பார்த்தார். பிறகு மைக்கை அணைக்க மறந்து என்னைக் கேட்டார். "அண்ணே, தோப்புல கட்டுன கேமராவுல ஏதாச்சும் பூசுனீங்களா?"

"இல்லையே மேடம்" என்றேன். பிறகு மின்னலாக ஞாபகம் வந்தது. "ஆயுத பூஜைக்கு... ஒரு பொட்டு வச்சேன்."

"எங்க?"

"நெத்தியில."

"கேமராவுக்கு நெத்தி எதுண்ணே?"

செல்வி கூட்டத்துக்குப் பொறுமையாக விளக்கினார். அந்தக் கேமராவில் வந்தது பெரும்பாலும் மரநாய். அத்தனை படத்திலும் அந்தப் பொட்டும் இருந்திருக்கிறது. மரநாயின் மூஞ்சி, வால், மீசை எல்லாவற்றையும் கற்றுக்கொள்வதைவிட இந்தப் பொட்டைப் பார்ப்பது இயந்திரத்துக்குச் சுலபம். ஆகவே பொட்டு இருந்தால் மரநாய் என்று முடிவு கட்டிவிட்டது. "அப்ப அந்த வெள்ளை வட்டத்த நீங்க என்னன்னு நெனச்சீங்கண்ணே?" என்று கடைசியாக என்னிடம் கேட்டார்.

"நிலான்னு" என்றேன். அதுவும் மைக்கில்தான்.

கருப்பணன் மேடையிலிருந்து இறங்கிப் போனார். தட்டில் வைத்த போண்டாவைத் தொடக்கூட இல்லை. அவர் பின்னால் கவிதாவும் போனாள். வாசலில் தரகர் என் தோளைத் தட்டி, "வடமதுரைப் பக்கம் ஒரு எடம் இருக்கு தம்பி. தோப்பெல்லாம் இல்ல" என்றார்.

அடுத்து வந்த நாட்களில் கடையைத் திறந்தேன், மூடினேன் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா கூட என்னைத் திட்டவில்லை. திட்டாத அளவுக்கு விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு பகல் வேளையில் கருப்பணன் என் கடை வாசலில் வந்து நின்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. ஒரு போனை மேசையில் வைத்தார். கண்ணாடி நொறுங்கிச் சிலந்தி வலையாகக் கிடந்தது.

"எப்டிங்கய்யா ஒடஞ்சது?"

"அன்னைக்கு வீட்டுக்குப் போயி ஒன்னைய நெனச்சு விசிறுனேன்" என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். நான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அந்தப் படத்தையெல்லாம் காட்டு. நான் அது சாயல்ல இருக்கேனான்னு பாக்கணும்" என்றார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவைத்தேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் முறைத்துக்கொண்டு, பிறகு முன்னால் குனிந்து. மரநாய் ஒன்று சப்போட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்னும் படத்தில் நிறுத்தினார். "ஏலே, இவந்தானா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "பக்கத்துத் தோட்டத்து அழகர்சாமி மகன்தான் பழத்தப் பறிக்கிறான்னு அவங்கூடப் பேச்சையே விட்டுட்டேனப்பா. பொங்கலுக்குக் கூட அவுக வீட்டுப் பக்கம் போகல." அடுத்த படத்தையும் பார்த்துவிட்டு, "நம்ம தோப்புல இம்புட்டும் குடியிருக்கு. எனக்குத்தான் தெரியல" என்றார்.

புதுக் கண்ணாடி போட்டுப் போனைக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு மெஷின்லதான் கோளாறுன்னு நீ அடிச்சு விட்டிருந்தா எவனுக்குத் தெரியப் போவுது? நிலான்னு நெனச்சேன்னு மைக்குல சொல்ற. ஒனக்குப் பொய்யே சொல்லத் தெரியாதாப்பா?" என்றார்.

"தெரியாதுங்கய்யா. அதெல்லாம் அம்மாதான் பாத்துக்கிருவாக."

முதல் தடவையாகச் சிரித்தார். "எம்மக அன்னையிலருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கா. சோறு திங்கையில கூட. வேற மாப்பிள்ள பாக்கவான்னு கேட்டா, அதுக்கும் சிரிக்கிறா. என்ன செய்யச் சொல்ற?" எழுந்து நின்று செருப்பை மாட்டிக்கொண்டார். "சரி மாப்ள. அந்த மெஷினுக்கு மறுபடியும் ஒழுங்காப் பாடத்தச் சொல்லிக் குடு. நானும் வந்து ஒக்காந்து பாக்குறேன். ஒங்க வீட்டு ஆளுகள நம்ப முடியாது."

மாப்ள என்ற சொல் காதில் விழுந்ததும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. அதைத் தேடும் சாக்கில் மேசைக்கு அடியில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னபடியே வந்தார். தன்னார்வலர்களிலேயே கண்டிப்பானவர் இன்றைக்கும் அவர்தான். "தாயி, இது கீரி. வாலப் பாரு" என்று செல்விக்குக் குரல் செய்தி அனுப்புகிறார். பொட்டு விழுந்த படங்களை எல்லாம் தள்ளிவிட்டு, கேமராவைத் துடைத்து, புதிதாகப் படம் எடுத்துப் பாடம் நடத்தியதில், இயந்திரம் இப்போது மரநாயை மரநாய் என்றே சொல்கிறது. ஆயுத பூஜைக்கு என்ன செய்வது என்று கேட்டதற்குச் செல்வி, "முதுகுல வச்சுக்கங்கண்ணே" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். குரலை மட்டும் மாற்றிவிட்டார்கள். இப்போது பேசுவது கவிதா. யார் மனிதர், யார் மரநாய் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு வீட்டிலும் அவளிடம்தான் இருக்கிறது.

எங்கள் கல்யாணம் அதே மண்டபத்தில்தான் நடந்தது. தாலி கட்டி முடிந்து, குடும்பத்தோடு படம் எடுக்கப் பெண் வீட்டார் மேடையில் வரிசையாக நின்றார்கள். எல்லோர் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கியதும் மாமனார் துண்டை எடுத்து நெற்றியை ஒரே இழுப்பாகத் துடைத்தார். "எதுக்கு வம்பு" என்றார். அவருடைய தம்பியும் துடைத்தார். அழகர்சாமியும் துடைத்தார். வரிசை முழுக்கக் கைகள் நெற்றிக்குப் போய்வந்தன. என் கைகள் இரண்டும் மாலைக்குள் சிக்கியிருந்தன, பொட்டை அழிக்காதே என்று அம்மா வேறு முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் என் மகள் அவர்களைக் கையைப் பிடித்து அதன் முன்னால் கூட்டிக்கொண்டு போகிறாள். தாத்தாவிலிருந்து தொடங்கி, விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு, இது மனிதர், இது மனிதர் என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். மாலையும் பொட்டுமாக நடுவில் நிற்கும் என்னிடம் வந்ததும் விரலை நிறுத்தி, தொண்டையைக் கனமாக்கிக்கொள்கிறாள்.